பல்பை மாற்றியும் விளக்கு மினுங்குதா? கோளாறு வேறு இடத்தில்!

கார்த்திகை மாதத்து அடைமழை. தோவாளைப் பக்கம் ஒரு வீடு. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு. பின்பக்கம், மகன் துபாயில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடம். ஏ.சி. வைத்த கையோடு த்ரீ ஃபேஸ் இணைப்பும் வாங்கியாகிவிட்டது. விடியுமுன் முன் அறையில் உட்கார்ந்து மாலை கட்டுவது அம்மாவின் வேலை. நாலைந்து நாளாக அந்த அறையின் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

“இந்தச் சவத்துப் பல்பு என்ன இப்படி மினுங்கிக்கிட்டு கெடக்கு? போன மாசம்தான மாத்துனோம்!”

“மழைக்கு அப்படித்தான் இருக்கும் அத்த. மழை விட்டா சரியாயிரும்” என்றாள் மருமகள்.

அன்று இரவு மகன் வீடியோ காலில் வந்தான். அம்மாவின் முகம் ஒரு நொடி வெளிச்சத்திலும் மறு நொடி இருட்டிலுமாகத் தெரிந்தது.

“எம்மா, அங்க என்ன மின்னல் வெட்டுதா?”

“மின்னலும் இல்ல, இடியும் இல்ல மக்ளே. லைட்டு மினுங்குது. நாளைக்குப் புதுப் பல்பு வாங்கிப் போடணும்.”

புதுப் பல்பு வந்தது. அதுவும் மினுங்கியது. இன்னொன்று வாங்கினார்கள். அதுவும் அப்படியே. பிறகு ஒருநாள் இரவு, மருமகள் அடுக்களையில் கிரைண்டரைப் போட்டதும் அடுக்களை விளக்கு அகல்விளக்குபோல் மங்கியது. அதே நொடியில் முன் அறை விளக்கு பகல்போல எரிந்தது, மின்விசிறி பேய் பிடித்த மாதிரி சுற்றியது, டி.வி. ‘டப்’ என்ற சத்தத்தோடு அணைந்தது. லேசாகக் கருகல் வாடை.

இரண்டு பல்புகளுக்கு ஆன செலவு பெரிதல்ல. ஆனால், அந்த வாரம் முழுவதும் விளக்கு சொல்லிக்கொண்டிருந்த சேதியை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கான விலைதான் அந்த டி.வி. ‘கரண்ட் சேதி சொல்லும்போதே கேட்டுக்கிடணும், அடிச்ச பொறவு கேட்டு என்ன செய்ய?’ என்பது வயரிங் வேலை செய்கிறவர்களின் பேச்சு.

எத்தனை விளக்கு மினுங்குகிறது?

விளக்கு மினுங்கினால் கை முதலில் பல்பைத் தேடிப் போகும். கண் அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். எத்தனை விளக்கு மினுங்குகிறது?

ஒரே ஒரு விளக்கு என்றால் கோளாறு அந்த விளக்கிலோ, அதன் ஹோல்டரிலோ, சுவிட்சிலோ இருக்கும். ஓர் அறை முழுக்க என்றால் அந்த அறைக்குப் போகும் கம்பியின் இணைப்பில். வீடு முழுக்க என்றால் மெயின் போர்டிலோ, மீட்டரிலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ. தெருவே மினுங்கினால் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால், கடைக்குப் போவதா, வயர்மேனைக் கூப்பிடுவதா, மின்வாரியத்துக்குப் போன் செய்வதா என்பதும் தெரிந்துவிடும்.

தோவாளை வீட்டிலிருந்து முப்பந்தல் கொஞ்ச தூரம்தான். அரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாடிகளைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு கரண்ட் எடுக்குற ஊருல நம்ம லைட்டு ஏன் மினுங்குது?” என்று கேட்பவர்கள் உண்டு. காற்றாலையில் எடுக்கும் மின்சாரம் துணை மின்நிலையங்கள் வழியாகப் பெரிய மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. நம் வீட்டு விளக்கு மினுங்குவதற்குக் காரணம் அநேகமாக அத்தனை தூரத்தில் இருக்காது. கம்பத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவே, தளர்ந்துபோன ஒரு திருகிலோ, கறுத்துப்போன ஒரு முறுக்கிலோதான் இருக்கும்.

ஒரே ஒரு விளக்கு என்றால்...

மினுங்கும் பல்பைக் கழற்றி, நன்றாக எரியும் வேறோர் அறையில் போட்டுப் பார்க்கலாம். சுவிட்சை அணைத்து, பல்பு ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். காலில் செருப்பு, கையில் ஈரம் இல்லாமல். அங்கேயும் மினுங்கினால் பல்புதான் கோளாறு. எல்.இ.டி. பல்புக்குள் மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் சிறிய மின்னணுச் சுற்று ஒன்று இருக்கிறது. சூட்டில் அதிலுள்ள பாகங்கள் தளரும்போது பல்பு துடிக்கத் தொடங்கும். நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டால் இன்னும் சீக்கிரமாகவே போய்விடும்.

அந்த அறையில் ஒழுங்காக எரிந்தால் பல்பின்மேல் பழியில்லை. ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் முனைகள் துருப்பிடித்தோ கருகியோ இருக்கலாம். சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கலாம். இரண்டையும் வயர்மேன் மாற்றித் தர வேண்டும்.

பழைய குண்டு பல்பு காலத்தில் இவ்வளவு மினுக்கம் கண்ணில் படவில்லையே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குண்டு பல்பின் இழை பழுத்துச் சிவந்து எரியும். மின்சாரம் ஒரு கண் இமைப்பு நேரம் விட்டு வந்தாலும் இழையின் சூடு உடனே ஆறாது, வெளிச்சமும் சட்டென்று குறையாது. எல்.இ.டி.க்கு அந்தச் சூட்டுச் சேமிப்பு கிடையாது. கம்பியில் உள்ள சின்னத் தடுமாற்றத்தையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பல வீடுகளில் முன்பே இருந்த தளர்வு, எல்.இ.டி. மாட்டிய பிறகுதான் வெளியே தெரிகிறது.

கையில் இருக்கும் செல்போனால் ஒரு சோதனை செய்யலாம். கேமராவைத் திறந்து விளக்கை நோக்கிக் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால், அந்த விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது என்று பொருள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை உச்சம் வரும். மலிவான பல்புகள் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாக வடிகட்டுவதில்லை. இது வயரிங் கோளாறு அல்ல. ஆனால், சிலருக்குக் கண் உறுத்தலும் தலைவலியும் தரும். பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கு மட்டுமாவது தரச் சான்று உள்ள நல்ல பல்பாகப் போடுவது நல்லது.

இன்னொரு புதிரும் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மின்மினிபோல் லேசாக எரியும். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியே கசியும் சொற்ப மின்சாரத்தால் இப்படி ஆகலாம். அதனால் ஆபத்தில்லை. ஆனால், சுவிட்சை ஃபேஸ் கம்பியில் போடாமல் நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தாலும் இதேபோல் எரியும். அப்படியென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் உயிரோடு இருக்கிறது. அடுத்த முறை பல்பு மாற்றுகிறவர் கையில் அது அடிக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சில் இப்படி நடந்தால் வயர்மேனிடம் காட்டாமல் விடக் கூடாது.

ஓர் அறை முழுக்க என்றால்...

இங்கேதான் தீ விபத்துக்கான விதை இருக்கிறது. சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், ஜங்ஷன் பாக்ஸுக்குள், எம்.சி.பி.யின் திருகில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு வரும். எவ்வளவு சூடு? 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். தளர்ந்த திருகில் அரை ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் ஏறத்தாழ 38 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் இருக்கும். அதைவிடச் சூடான ஒன்று சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

‘எம்.சி.பி. இருக்கே, அது விழுந்துராதா?’ என்று நினைக்கலாம். விழாது. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினாலோ, ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொண்டாலோதான் எம்.சி.பி. விழும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை. கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் எம்.சி.பி. தன் கடமையில் தவறாமல் நிமிர்ந்தே நிற்கும், திருகு உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மூக்கும் காதும் கையும் போதும். சுவிட்ச் போர்டில் ‘கிர்... கிர்...’ என்று பொரியும் சத்தம், மீன் கருகியது போன்ற வாடை, பிளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை, ஹீட்டர் ஓடும்போது போர்டின் மேல்தகட்டில் சூடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை அந்த போர்டைப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய ஓட்டு வீடுகளில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய வயரிங் இன்னும் இருக்கிறது. இரண்டு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் ஓடுவதற்காக அன்று இழுத்த கம்பி அது. இன்று அதிலேயே மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடுகின்றன. கம்பியின் உறை காலப்போக்கில் மொறுமொறுத்துப்போகும். ஓட்டுக்கு அடியில் எலி கடித்த இடமும் இருக்கும். விளக்குக்கு 1.5, சாதாரண பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்பது வயர்மேன்கள் இப்போது பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. பழைய வீட்டில் புதுப் பொருள் வாங்கிவைக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மோட்டார் போட்டால் விளக்கு மங்குகிறதா?

கிணற்று மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு நொடி மங்கித் திரும்பினால் பயப்பட வேண்டாம். நின்றிருக்கும் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஓடத் தொடங்கியதும் அது அடங்கிவிடும்.

மோட்டார் ஓடி முடிகிற வரை விளக்கு மங்கலாகவே இருந்தாலோ, முன்பு இல்லாத மங்கல் இப்போது புதிதாக வந்திருந்தாலோ விஷயம் வேறு. கம்பியின் கனம் போதவில்லை அல்லது எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டிய மின்அழுத்தம் 230 வோல்ட். 6 சதவீதம் கூடக் குறைய என்றால் ஏறத்தாழ 216 முதல் 244 வரை. வயர்மேன் மீட்டர் வைத்து அளந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீடு முழுக்க என்றால்... முதலில் மெயினை இறக்குங்கள்!

இப்போது தோவாளை வீட்டுக்குத் திரும்பலாம். ஓர் அறை மங்கியது, இன்னோர் அறை பளிச்சென்று எரிந்தது. வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய அறிகுறி இதுதான். இதன் பெயர் நியூட்ரல் கோளாறு.

த்ரீ ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. மூன்று பேர் மூன்று பக்கம் நின்று கயிறு இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கயிறும் நடுவில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு தரையில் அடித்த ஆணியில் கட்டியிருக்கிறது. யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் முடிச்சு நகராது. அந்த ஆணிதான் நியூட்ரல். ஆணி பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? பலசாலி இருக்கும் பக்கம் முடிச்சு நகரும். அவர் பக்கத்துக் கயிறு குட்டையாகும், மற்றவர் பக்கத்துக் கயிறு நீளும்.

இதையே வோல்ட்டில் சொன்னால், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே 400 வோல்ட். அடுக்களை ஃபேஸில் 1,000 வாட் பாரமும், முன் அறை ஃபேஸில் 100 வாட் பாரமும் ஓடுகின்றன, மூன்றாவது ஃபேஸில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் அறுந்தால் இந்த இரண்டு பாரங்களும் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். அடுக்களைக்கு ஏறத்தாழ 36 வோல்ட், முன் அறைக்கு ஏறத்தாழ 364 வோல்ட். அடுக்களை விளக்கு மங்கியதும் டி.வி. வெடித்ததும் இதனால்தான். ஃப்ரிட்ஜ் தப்பியதற்குக் காரணம், அதன் ஸ்டெபிலைசர் உடனே துண்டித்துக்கொண்டதுதான்.

‘எங்க வீடு சிங்கிள் ஃபேஸ்தான்’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தெருக் கம்பியில் நியூட்ரல் அறுந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் பாரங்கள் இதேபோல் பங்கு போட்டுக்கொள்ளும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கும் அதிக வோல்டேஜ் வந்துவிடலாம். உங்கள் வீட்டு நியூட்ரல் மட்டும் அறுந்தால் எல்லா விளக்கும் அணைந்துவிடும். ஆனால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எதையும் தொட்டுவிடக் கூடாது. ஃபேஸ் உயிரோடுதான் இருக்கும். அந்த நேரத்தில் பிளக்கின் இரண்டு ஓட்டைகளிலும் டெஸ்டர் எரிவதைப் பார்த்து, ‘நியூட்ரல் போச்சு’ என்று வயர்மேன் சொல்லிவிடுவார்.

எனவே ஓர் அறை மங்கி இன்னோர் அறை பளிச்சிட்டால், ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். ஒவ்வொன்றாக பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பெரியவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் முன்னால் நெல் மூட்டையும் சைக்கிளும் சாத்திவைக்கக் கூடாது.

எர்த்தில் நியூட்ரல் எடுக்கலாமா?

டி.வி. போன இரவு, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். “பெரியம்மா, நியூட்ரல்தான் போயிருக்கு. எர்த்து கம்பியில இருந்து ஒண்ணு இழுத்துக் குடுத்தா லைட்டு எரியும். எங்க மாமா வீட்டுல அப்படித்தான் செஞ்சாங்க.”

எரியும் என்பது உண்மைதான். அதுதான் ஆபத்தும்கூட.

எர்த் கம்பி மின்சாரம் ஓடுவதற்காகப் போட்டதல்ல. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் இவற்றின் இரும்பு உடம்பில் தவறுதலாக மின்சாரம் ஏறினால், அதை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் அது இருக்கிறது. அதையே நியூட்ரலாக்கினால், வீட்டில் ஓடும் மின்சாரம் முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனாலோ, துருப்பிடித்து எர்த் கம்பி அறுந்தாலோ, அத்தனை பொருள்களின் உடம்பிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் ஏறிவிடும். ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கும் குழந்தைக்கு அது தெரியுமா?

அதிர்ஷ்டவசமாக, அதற்குள் வயரிங் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “மெயினை எறக்கியாச்சா?”

“இல்ல தம்பி. ஒரு ராத்திரிக்கு எர்த்துல போட்டுக் குடுக்கப்படாதா? விடியக்காலம் மாலை கட்டணும்” என்றார் அம்மா.

“அக்கா, ஒரு ராத்திரி இருட்டுல இருந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிராது. எர்த்துல நியூட்ரல் எடுத்தா, வீட்டுல இருக்க இரும்பு பூரா கரண்டு கம்பியாக்கும். இது பல்புக்க நோய் இல்ல, கம்பிக்க நோய். நான் கை வைக்கப்படாது, லைன்மேன்தான் பாக்கணும்.”

மெயினை இறக்கிவிட்டு, மின்னகம் எண்ணுக்குப் போன் செய்தார்கள். அன்று அம்மா மாலை கட்டியது எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில்தான்.

காலையில் லைன்மேன் வந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறினார். சர்வீஸ் வயரின் நியூட்ரல் கம்பத்தில் சேரும் முறுக்கு கறுத்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆடிக் காற்றில் ஆடி ஆடித் தளர்ந்த இணைப்பு, ஐப்பசி மழையில் நனைந்து, கார்த்திகையில் கையை விட்டிருக்கிறது. கறுத்த பகுதியை வெட்டிச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக இறுக்கிக் கட்டினார். பத்து நிமிட வேலை. அதன் பிறகு முன் அறை விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.

காற்று, உப்பு, தென்னை

இந்த மாவட்டத்தில் மின் இணைப்புகளுக்கு எதிரிகள் கொஞ்சம் அதிகம். கிழக்கே தோவாளை, அரல்வாய்மொழி பக்கம் காற்று. அது சர்வீஸ் வயரை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

கடலோரத்தில், சின்னமுட்டம் முதல் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வரை உப்பு. சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம், வீட்டுக் கம்பி செம்பு. இரண்டையும் சேர்த்து வெறுமனே முறுக்கிவிட்டால், உப்பு ஈரம் பட்டதும் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரிபோல் வேலை செய்யும். அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். இரண்டு உலோகங்களையும் சேர்ப்பதற்கென்றே இருக்கும் பைமெட்டல் லக் அல்லது கனெக்டரைப் போடச் சொல்ல வேண்டும். கடலோர வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மெயின் போர்டைத் திறந்து திருகுகளை இறுக்கச் சொல்வது நல்லது.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மழையும் மரமும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தென்னை மட்டையும் ரப்பர் கிளையும் கம்பியில் உரசினால், காற்று அடிக்கும்போது மட்டும் விளக்கு மினுங்கும். அப்படியென்றால் தொரட்டியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஈர மட்டையில் மின்சாரம் பாயும். அலுமினியத் தொரட்டியும் இரும்புக் கம்பும் அதைவிட மோசம். மின்வாரியத்துக்குச் சொன்னால் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்கள்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரங்களில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, அதன் வயரை வீட்டு பிளக்கில் நேரடியாகச் சொருகும் பழக்கம் ஒன்று உண்டு. மெயினை இறக்க மறந்துவிட்டால் அந்த மின்சாரம் வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, உயர் அழுத்தமாகிவிடும். எங்கோ கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஊழியரின் உயிரை அது பறிக்கும். ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

உயிரைக் காக்கும் சின்னப் பெட்டி

வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ‘ட்ரிப்பர்’ என்றும் சிலர் சொல்வார்கள். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், இது ஆளைக் காக்கும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில், உதாரணமாக ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் நன்றாக இருக்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வேலையை மட்டும் யாரும் செய்யக் கூடாது. அது விழுவது எங்கோ கசிவு இருக்கிறது என்பதற்காகத்தான். நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் ஏறுவதை ஆர்.சி.சி.பி. தடுக்காது. அதற்கு வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் தனிக் கருவி இருக்கிறது. த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டும் இருப்பது நல்லது.

யாரைக் கூப்பிட வேண்டும்?

* ஒரே விளக்கு: பல்பை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் வயர்மேன்.

* ஓர் அறை: அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேன். எப்போது மினுங்குகிறது, எதைப் போட்டால் மினுங்குகிறது என்று நாலு நாள் குறித்துவைத்துச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

* வீடு முழுக்க: மெயினை இறக்குங்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே ஒழுங்காக எரிந்தால் கோளாறு உங்கள் சர்வீஸ் வயரிலோ மெயின் போர்டிலோ இருக்கும். மின்வாரியத்துக்கும் வயர்மேனுக்கும் சொல்லுங்கள்.

* தெரு முழுக்க: மின்வாரியம். மின்னகம் எண் 94987 94987, நாள் முழுவதும் செயல்படுகிறது. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

* கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரிய ஊழியர் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. மீட்டரின் சீலைத் தொடவும் கூடாது.

* ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு 108.

இப்போது அந்தத் தோவாளை வீட்டில் மெயின் சுவிட்சின் முன்னால் எதுவும் சாத்திவைப்பதில்லை. மகன் போனில் பேசும்போதெல்லாம், “எம்மா, லைட்டு எப்படி எரியுது?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறான்.

“நல்லாத்தான் எரியுது மக்ளே. மினுங்கினா இனி பல்பு வாங்கப் போகமாட்டேன், மெயினை எறக்கப் போவேன்” என்கிறார் அம்மா.